பெட்டு நைனா தோற்றே ஆகவேண்டிய பந்தயம்

ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரைக்கும் வீடு வீடாகக் கதவைத் தட்டி விசாரித்தாலும் பெட்டு நைனாவைப் போலத் தோற்ற மனிதர் இன்னொருவரைக் காட்ட முடியாது. தோற்பது எல்லோருக்கும் வரும். நான் பரீட்சையில் தோற்றிருக்கிறேன், கேரம் போர்டில் தோற்றிருக்கிறேன், வீட்டில் தினமும் தோற்கிறேன். ஆனால் பல் துலக்கியதும் ஒரு தோல்வி, டீக்கடையில் ஒரு தோல்வி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தோல்வி என்று வேளை தவறாமல் தோற்று, அதையும் சிரித்த முகத்தோடு தோற்க அவர் ஒருவரால்தான் முடியும்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அவர் சம்சாரம் அஞ்சலை அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். "இரு, ரேஷன் கார்ட பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று உள்ளே போனவர் வேறு வேலையில் மறந்துவிட்டார்.

நைனாவுக்குத் தொழில், துறைமுகத்துக்குக் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுவது. ஓட்டுவது என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறோம். எங்கள் பக்கம் டிரெய்லரை ஓட்டுகிற நேரத்தைவிட, எண்ணூர் சாலையில் வரிசையில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிற நேரம்தான் அதிகம். அந்த உட்கார்தலில் வளர்ந்த வித்தைதான் பெட்டு. "மாமு, முன்னாடி நிக்குது பாரு ஆரஞ்சு வண்டி, அது இப்ப நகரும்ன்றேன். பெட்டு இன்னா?" என்பார். அதுவரை ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்த ஆரஞ்சு வண்டி டிரைவர், அந்த நிமிடம் பார்த்து கீழே இறங்கி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவார்.

காசு வைத்து ஆடினால் வீட்டில் சோறு கிடையாது என்பது அஞ்சலை அக்காவின் சட்டம். அதனால் நைனாவின் பந்தயமெல்லாம் டீ, பட்டர் பன், மிஞ்சினால் பிரியாணி. எங்கள் தெருவில் பாதிப் பேர் அவர் தோற்ற பன்னைத் தின்றே வளர்ந்தவர்கள்.

அவருடைய ராசி தெருவைத் தாண்டியும் பரவியிருந்தது. வியாசர்பாடியில் கால்பந்துப் போட்டி நடந்தால், மேட்ச்சுக்கு முந்தின நாளே ஒரு டீமிலிருந்து ஆள் வந்துவிடும். கையில் ஒரு பொட்டலம் சூடான போண்டா இருக்கும். "நைனா, உன் காலுல வேணா வுழறேன். நாளைக்கி எங்க மேல கட்டிடாத. அவனுங்க மேல கட்டு." நைனாவும் போண்டாவைத் தின்றுவிட்டு மனசாரக் கட்டுவார். மறுநாள் அவர் கட்டிய டீமின் கோல்கீப்பருக்கு முதல் பாதியிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

இங்கே டயர் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நைனாவின் உயிர்த் தோழர். திருவொற்றியூர் ஹைரோட்டில் டிரெய்லர்களுக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை வைத்திருந்தார். வீடு எங்கள் தெருவில், என் வீட்டுக்கு எதிர் மாடி. கடைக்கு மேலே இருந்த மரப் பரணில்தான் சாயங்காலச் சீட்டுக் கச்சேரி. பாய் ஐந்து வேளையும் தொழுகிறவர். சூது ஹராம் என்று சீட்டை விரல் நுனியால்கூடத் தொடமாட்டார். ஆனால் பெட்டை வெட்டிவிடுவது மட்டும் அவர்தான்.

வெட்டுவது என்றால் என்னவென்று அடையாறு, மயிலாப்பூர்ப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் பெட்டு என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. இரண்டு பேரும் கை கோத்து நிற்க வேண்டும். மூன்றாவது ஆள் வந்து, கோத்த கையைத் தன் கையால் நடுவில் வெட்டிப் பிரிக்க வேண்டும். வெட்டியாகிவிட்டது என்றால் அப்புறம் யார் வந்து கெஞ்சினாலும் ஜகா வாங்க முடியாது. "நான் ஆடல, ஆடறவன பிரிச்சி வுட்றேன். அது புண்ணியந்தான்" என்று பாய் இதற்குத் தனக்குத்தானே ஒரு நியாயம் வைத்திருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கொரோனா வந்தது. பரணைப் பூட்டினார்கள். கிண்டியில் குதிரை ஓடவில்லை, வியாசர்பாடியில் பந்து உருளவில்லை, கேரம் போர்டின் மேல் யாரோ வடகம் காயப்போட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய சட்டச் சிக்கல் வந்து சேர்ந்தது. கையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கை கோக்காமல் பெட்டு எப்படிச் செல்லும்?

முதல் இரண்டு வாரம் தெருவே பித்துப்பிடித்த மாதிரி இருந்தது. அப்புறம் டயர் பாய்தான் வழி கண்டுபிடித்தார். மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற மூங்கில் கழியை எடுத்துவந்தார். ஒரு முனையை ஒருவர் பிடிக்க வேண்டும், மறுமுனையை மற்றவர் பிடிக்க வேண்டும், பாய் நடுவில் இன்னொரு குச்சியால் தட்டுவார். கழிக்கு முன்னும் பின்னும் சானிடைசர். பெட்டுக்கு உயிர் வந்துவிட்டது. ஊரடங்கை நீட்டிப்பார்களா, மருந்தடிக்கிற லாரி சாப்பாட்டுக்கு முன்னால் வருமா பின்னால் வருமா, டிவியில் பேசப்போகிற அதிகாரி தண்ணீர் குடிப்பாரா மாட்டாரா என்று மாடிக்கு மாடி பந்தயம் பறந்தது.

செல்போன் ரம்மியும் அப்போதுதான் தெருவுக்குள் வந்தது. வீட்டுக்கு வீடு ஆண்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு கட்டைவிரலால் தேய்த்தார்கள். கொருக்குப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர் மனைவியின் கம்மல் வரைக்கும் அதில் விட்டார். அந்த ஆட்டத்தின் மேல் எனக்கு அன்றைக்கும் கோபம், இன்றைக்கும் கோபம். நைனாவோ பட்டன் போன்காரர். அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எதுர்ல ஒரு மூஞ்சி இல்லாத ஆட்டம் இன்னா ஆட்டம் மாமு? ஜெயிச்சவன் நம்மள பாத்து சிரிக்க வேணாவா? அதுக்குத்தானே தோக்கறதே!" என்றார்.

அதனால் எங்கள் தெருவில் முடி வெட்டுகிற சலூன் தாஸின் மொட்டைமாடியில் நாலு மூலைக்கு நாலு டயரைப் போட்டு, டயருக்கு ஒருவராக உட்கார்ந்து ரம்மி ஆடினார்கள். சீட்டைத் தூக்கித்தான் எறிய வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சானிடைசர் அடித்து அடித்து சீட்டெல்லாம் அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. எல்லோர் முகத்திலும் மாஸ்க்.

அங்கேதான் அந்த அதிசயம் நடந்தது. நைனா ஜெயித்தார்.

முதல் ஆட்டத்தில் ஏதோ கைதவறி ஜெயித்துவிட்டார் என்று விட்டோம். அடுத்த ஆட்டமும் அவர்தான். அன்று சாயங்காலம் முழுக்க அவர்தான். பெட்டு நைனா தெருவிடமிருந்து டீ வாங்கிக் குடிக்கிற காட்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை. யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. இத்தனை வருஷமும் ஜோக்கர் கைக்கு வந்தால் நைனாவின் மேலுதடு தானாக ஏறிப் பல் தெரியும். கை மோசமாக இருந்தால் நாக்கால் கன்னத்தை உள்ளேயிருந்து குடைவார். எதிரில் இருக்கிறவர்கள் அவர் சீட்டைப் படிக்க வேண்டியதில்லை, அவர் வாயைப் படித்தால் போதும். இப்போது மாஸ்க் அந்த வாயை மூடிவிட்டது.

ஆனால் தெரு இந்த விளக்கத்தை ஒப்புக்கொள்ளவில்லை. மருந்து லாரி சாப்பாட்டுக்கு முன்னால் வரும் என்று அவர் சொன்ன அன்றைக்கு லாரியும் வந்து தொலைத்தது. "நைனாவுக்கு ராசி திரும்பிக்கிச்சிப்பா!" என்று சலூன் தாஸ் மாடியிலிருந்து அறிவித்தார். நைனாவும் கொஞ்ச நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் இடி விழுந்தது. டயர் பாய்க்குக் காய்ச்சல் வந்தது, மூச்சு வாங்கியது, ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. பாய் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். உள்ளே அவர் சம்சாரம் பாயம்மா மட்டும் தனியாக இருந்தார். ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடவில்லை. போன் செய்தால், "பாத்துக்கிட்டு இருக்கோம்" என்று ஒரே பதில்தான் வந்தது. தெருவில் சிரிப்பு நின்றுவிட்டது. நைனா அந்தத் தகரத்துக்கு எதிரே ஒரு டயரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

ஒருநாள் காலையில் திடீரென்று எழுந்தார். மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு பாய் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே தெருவில் வந்து நின்றார். "யாருன்னா வாங்கப்பா! டயர் பாய் பொழச்சி திரும்பி வரமாட்டாரு. பெட்டு இன்னா?"

 கையிலிருந்த காபியை நான் அப்படியே கீழே வைத்தேன். "நைனா, உனக்கு புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்று தாஸ் மாடியிலிருந்து கத்தினார். அஞ்சலை அக்கா வாசலுக்கு ஓடிவந்து, "த்தூ, நீயெல்லாம் ஒரு மனுசனா? சேக்காளி சாவு மேலயா பெட்டு கட்டுவே?" என்று வசவை வாரியிறைத்தார். நைனா கழியை நீட்டியபடியே, "பாய் வந்துட்டா தெருவுக்கே பிரியாணி. கட்றவன் கட்டு" என்றார்.

எதிர் மாடி ஜன்னல் படீரென்று திறந்தது. பாயம்மா. கையில் நீளமான ஒட்டடைக் கம்பு. நைனா நிமிர்ந்து பார்ப்பதற்குள் அந்தக் கம்பு அவர் தலையில் இறங்கியது.

"இன்னா நைனா சொன்னே? இன்னொரு தபா சொல்லு! எங்க வூட்ல எத்தினி வாட்டி உக்காந்து துன்னிருப்பே? அவரு வரமாட்டாருன்னு சொல்ல உனக்கு வாய் எப்டி வந்துச்சி?"

நைனா தலையைத் தடவிக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர். அடியினால் வந்தது இல்லை அது.

"பாயம்மா, நான் இதுவரிக்கும் எதுலனா ஜெயிச்சி பாத்துகிறியா? நான் எந்தப் பக்கம் கட்னாலும் அந்தப் பக்கம் அவுட்டு. வியாசர்பாடிக்காரன் தெரிஞ்சிகினான், நான் தெரிஞ்சிக்க மாட்டனா? பாய் வந்துடுவாருன்னு நான் கட்டினா அவரு கதி இன்னா ஆவும்? அதான் வரமாட்டாருன்னு கட்றேன். நான் தோக்கணும் பாயம்மா. எனுக்குத் தெரிஞ்ச வேல அது ஒண்ணுதான்."

 பாயம்மா ஜன்னல் விளிம்பைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்தார். பிறகு கேட்டார்: "வெட்டாத பெட்டு செல்லுமா?"

"செல்லாது."

"எதுர்ல யாரு கட்றா?"

நான் போய்க் கழியின் மறுமுனையைப் பிடித்தேன். "பாய் வருவாரு" என்றேன்.  பாயம்மா ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே குனிந்து, பிஸ்மில்லா சொல்லி, அந்த ஒட்டடைக் கம்பால் கழியின் நடுவில் ஒரு தட்டுத் தட்டினார். நூலாம்படை எங்கள் இருவர் தலையிலும் விழுந்தது. பெட்டு செல்லுபடியாகிவிட்டது.

கதை அதோடு முடிந்திருக்கும், சலூன் தாஸ் வாயை மூடிக்கொண்டிருந்தால். "அல்லாம் சரி நைனா, மாஸ்க் போட்டதுலேர்ந்து நீ ஜெயிச்சிகினே கீறியே. இதுலயும் ஜெயிச்சிட்டா இன்னா பண்ணுவே?" என்று கேட்டார்.

 வெட்டிய பெட்டைத் திரும்ப வாங்க முடியாது. நைனா மாஸ்க்கை உருவி எறிந்தார். "வாங்கடா ரம்மி ஆட! இப்பவே தோத்து காமிக்கிறேன்!" என்றார். மாஸ்க் இல்லாதவரோடு யார் உட்காருவார்கள்? கூட ஆடுகிற மூன்று பேரும் மாடிக்கதவைச் சாத்திக்கொண்டார்கள். தோற்பதற்கு ஊரில் ஓர் ஆட்டம்கூட இல்லாமல் போனது.

மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மாமு, உன் போன்ல அந்த ரம்மி கீதா?"

"அது வேணாம் நைனா. கலீஜ் ஆட்டம்."

"என் ராசி போச்சா கீதான்னு பாக்கணும் மாமு. இல்லாங்காட்டி நான் தூங்கமாட்டேன்."

மறுக்க மனம் வரவில்லை. வேண்டாவெறுப்பாக ஏற்றிக் கொடுத்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு இலவசமாகக் கொஞ்சம் பொய்க்காசு கொடுத்து, பழகிப்பார் என்று சொல்கிறது அந்த ஆட்டம். நைனா ஒற்றை விரலால் குத்திக் குத்தி ஆடினார். ஜெயித்தார். திரையில் பூ கொட்டியது, மேளம் கொட்டியது. இன்னொன்று ஆடினார், அதுவும் ஜெயித்தார். மறுபடியும் பூ. "நிறுத்து மாமு, அத்த நிறுத்து!" என்று அலறி போனை என் மடியில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பாயம்மா ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தார். பாய்க்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நைனா, இது சும்மா ஆட்டம். ஆசை காட்டறதுக்காகவே ஜெயிக்க வுடுவான். நெசமா துட்டு போட்டாதான் ஆட்டம் ஆரம்பிக்கும்" என்றேன்.

நைனா எழுந்து நேராக அஞ்சலை அக்காவிடம் போனார். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டார். "அஞ்சல, கொஞ்சம் துட்டு குடு. தோக்கணும்."

அஞ்சலை அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய் அரிசி டின்னுக்குள் கையை விட்டுத் துழாவி, சுருட்டிவைத்திருந்த நோட்டுகளை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். "போ. ஒயுங்கா தோத்துட்டு வா" என்றார். காசு வைத்து ஆடினால் சோறு இல்லை என்று சொன்ன அதே வாய்.

அந்தப் பணத்தை நான் வாங்கிக்கொண்டு போனில் ஏற்றினேன். நைனா வேறொரு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சீட்டு வந்தது. ஒன்றோடு ஒன்று ஒட்டாத சீட்டாக வந்தது. எதிரே யாரோ முகமில்லாத ஆள் கண்மூடித் திறப்பதற்குள் ஆட்டத்தை முடித்தான். அடுத்த ஆட்டம், அதற்கடுத்த ஆட்டம். பூ கொட்டவில்லை, மேளம் கொட்டவில்லை. கடைசிக் காசும் போனதும், இன்னும் பணம் போடு என்று திரை கெஞ்சியது.

நைனா என்னைப் பார்த்தார். மாஸ்க்குக்குள்ளேயே மேலுதடு ஏறுவது தெரிந்தது.

"தோத்துட்டேன் மாமு! அல்லாத்தையும் தோத்துட்டேன்! பாயம்மா, தோத்துட்டேன்!" தெருவில் இறங்கி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். கணவர் பணத்தையெல்லாம் விட்டுவிட்டார் என்று கேட்டு, அஞ்சலை அக்கா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு சந்தோஷமாக அழுதார். அந்த ஆட்டத்தில் காசை விட்டதற்காக இந்தியாவிலேயே கூத்தாடிய குடும்பம் அது ஒன்றாகத்தான் இருக்கும். "மிஷினு தங்கமான மிஷினு மாமு, யாரையும் கைவுடாது" என்று அதற்கு ஒரு சர்ட்டிபிகேட்டும் கொடுத்தார். அன்று மாலையே நான் அதை என் போனிலிருந்து எடுத்துவிட்டேன்.

டயர் பாய் திரும்பி வந்தார். டாக்டர்களும் நர்ஸுகளும் பாடுபட்டுக் காப்பாற்றினார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தெருவில் அதைச் சொன்னால் யாரும் காதில் வாங்கவில்லை. ஆம்புலன்ஸிலிருந்து பாதியாக இளைத்து இறங்கினார் பாய். தூரத்தில் நின்ற நைனா கண்ணீர் வழிய, "தோத்துட்டேன் பாய், தோத்துட்டேன்!" என்று கத்தினார்.

பாய் மூச்சு வாங்கிக்கொண்டே, "இந்தாளு இப்ப இன்னாத்துல தோத்தாரு?" என்று கேட்டார்.

"உங்க மேலதான்" என்றார் பாயம்மா ஜன்னலிலிருந்து.

முழுக்கதையையும் அவரே பாயிடம் சொன்னார். பிரியாணி வந்த அன்று பாய்க்கு வாசனையும் தெரியவில்லை, ருசியும் தெரியவில்லை. இருந்தாலும் மாடி ஜன்னலில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கீழே நைனா நின்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்க் போய்விட்டது, பரண் திறந்துவிட்டது, நைனா பழையபடி தோற்கிறார். ஒன்று மட்டும் மாறிவிட்டது. எங்கள் தெருவில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கோயிலுக்கோ தர்காவுக்கோ சர்ச்சுக்கோ போகிறார்களோ இல்லையோ, முதலில் நைனாவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். "கொஞ்சம் வந்து எதிரா கட்டிட்டுப் போ நைனா." அவரும் குளித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு போய்க் கட்டிவிட்டு வருகிறார்.

போன மாதம் என் முறை. இதயத்தில் அடைப்பு, அறுத்தே ஆகவேண்டும் என்றுவிட்டார்கள். நான் ஆள் அனுப்பவில்லை. படித்தவன் இல்லையா, வெட்கம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவராகவே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். என் முகத்தைப் பார்த்து, "நீ தேற மாட்டே மாமு. பெட்டு" என்றார்.

சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. பக்கத்துக் கட்டில்காரர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். நான் நைனாவோடு கை கோத்து, அந்தக் கட்டில்காரரையே வெட்டிவிடச் சொன்னேன். அன்றைக்கு நான் மாத்திரை இல்லாமலே தூங்கினேன்.